இளையராஜாவின் ஒலிப்பதிவுகளைத் தொடர்ந்து கேட்போருக்கு: வாசகர் கேள்வி பதில்

கடந்த சில வாரங்களாக வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இளையராஜா அவர்களின் இசையைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, எழுதியவர்களின் ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி: நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். அப்பாவும் மாமாவும் இளையராஜாவைப் பற்றி ஓயாமல் கதைக்கிறார்கள். ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்திருக்கிறார் என்கிறார்கள். அவ்வளவையும் எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முதலில் அந்த எண்ணிக்கையின் வேகத்தைக் கவனியுங்கள். 1976இல் 'அன்னக்கிளி' அவருடைய முதற்படம். நூறாவது படமான 'மூடுபனி' 1980இலேயே வந்துவிட்டது. 'நாயகன்' 1987இல் நானூறாவது, 'அஞ்சலி' 1990இல் ஐந்நூறாவது. ஆயிரமாவதாகிய 'தாரை தப்பட்டை' 2016இல் திரைக்கு வந்தது. அதாவது முதல் ஐந்நூறு படங்களும் ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகளில் முடிந்திருக்கின்றன. இதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகக் கேட்க முற்பட்டால் நீங்கள் களைத்துப்போவீர்கள். 'சிறந்த நூறு பாடல்கள்' என்று யாரோ தொகுத்த பட்டியலைப் பிடித்துக்கொண்டால் தொகுத்தவருடைய விருப்பம்தான் உங்களுக்குத் தெரியவரும்.

நான் சொல்லும் வழி, ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு அதற்குள் தங்கியிருப்பது. 1980ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மகேந்திரனின் 'ஜானி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே', பாரதிராஜாவின் 'நிழல்கள்', பாலு மகேந்திராவின் 'மூடுபனி' ஆகிய நான்கும் அந்த ஓராண்டில் வந்தவை. 'ஜானி'யில் எஸ். ஜானகி பாடிய 'காற்றில் எந்தன் கீதம்' ஒரு பெண்ணின் தவிப்பு முழுவதையும் சுமக்கிறது. 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யின் 'பருவமே' ஓடுகின்ற காலடியையே தாளமாக வைத்துக்கொண்டு நடக்கிறது. 'நிழல்கள்' படத்தில் தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் பாடிய 'பூங்கதவே தாழ்திறவாய்' இருக்கிறது. வைரமுத்துவின் முதல் திரைப்பாடலும் அதே படத்தில்தான். ஒரே மனிதர், ஒரே ஆண்டு, ஏறக்குறைய அதே வாத்தியக்காரர்கள் என்றிருந்தும் ஒரு படத்தின் ஓசை அடுத்த படத்தில் வந்து விழவில்லை என்பதை நீங்களே கேட்டு உணர்வீர்கள். அதன் பிறகு அப்பாவும் மாமாவும் ஏன் ஓயாமல் கதைக்கிறார்கள் என்பது விளங்கும்.

ஒவ்வொரு பாடலையும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பாடகரின் குரலோடு போங்கள். இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டு, அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அது தாளத்துக்குத் துணைபோவதோடு நிற்காமல் தனியாக இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டிருப்பதைப் பல பாடல்களில் காண்பீர்கள். மூன்றாம் முறை, பல்லவிக்கும் சரணங்களுக்கும் நடுவே வரும் இடையிசைகளை மட்டும் கேளுங்கள். முதல் சரணத்துக்கு முன் வந்த இடையிசையே இரண்டாம் சரணத்துக்கு முன்னும் வருவது அவரிடம் மிகவும் அரிது. கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் கிட்டார் விழாது. ஆகவே காதுக்கருவி ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தையார் சேர்த்து வைத்த சுமார் நாற்பது இசைத்தட்டுகளும் ஒரு பெட்டி நிறையக் கசெட்டுகளும் எங்கள் வீட்டில் உள்ளன. பெரும்பாலானவை இளையராஜாவின் படங்கள். சில கசெட்டுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இவற்றைக் கணினிக்கு மாற்ற விரும்புகிறேன். ஒரு கடையில் கொடுத்தபோது இரண்டு கசெட்டுகளை அறுத்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஐயா, அறுந்த நாடாவை வீசிவிடாதீர்கள். அறுந்த இடத்தில் சில விநாடி ஒலிதான் போயிருக்கும். கசெட் ஒட்டுவதற்கென்று விற்கும் மெல்லிய ஒட்டுநாடாவால், ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் தொடாத பின்பக்கத்தில் ஒட்டினால் மிச்சம் முழுவதும் ஓடும். சாதாரண ஒட்டுநாடாவை மட்டும் பயன்படுத்தக் கூடாது. அதன் பசை வெயிலில் இளகி அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சணம். கடற்காற்றும் ஈரமும் உள்ள நம் கொழும்பு நகரில் இது வராத வீடு இல்லை. பூஞ்சணம் பிடித்த கசெட்டை அப்படியே டெக்கில் போட்டு ஓடவிட்டால் ஹெட்டில் படிந்து, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் தொற்றும். அவற்றை முதலில் வேறு பெட்டியில் பிரித்து வையுங்கள். ஐந்து திருகாணிகள் உள்ள கூடாக இருந்தால் திறந்து, நாடாச் சுருளின் ஓரத்தில் உள்ள பூச்சை மிக மென்மையான உலர்ந்த தூரிகையால், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் துடையுங்கள். பிறகு பழைய டெக் ஒன்றில், ஒலிக்க விடாமல், ஒரு முறை முன்னே சுற்றி ஒரு முறை பின்னே சுற்றுங்கள். அந்த டெக்கின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹோல் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு கசெட்டுக்குப் பிறகும் துடைக்க வேண்டும். கூடு வெடித்திருந்தாலோ, நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டு கழன்றிருந்தாலோ, புதிய கசெட் ஒன்றின் கூட்டுக்குள் பழைய நாடாவை மாற்றிவிடலாம். பொறுமையிருந்தால் அரை மணித்தியாலத்தில் முடியும் வேலை.

ஒலி மங்கலாக, கம்பளியால் மூடியதுபோல் வந்தால் நாடா கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பதிவு செய்த டெக்கின் ஹெட்டும் இப்போது ஓடும் டெக்கின் ஹெட்டும் ஒரே சரிவில் இல்லாதிருக்கலாம். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறிய திருகாணியை மயிரிழை அளவு திருப்பிக்கொண்டே கேட்டால், ஓர் இடத்தில் திடீரென்று சல்லாரியின் ஓசையும் வயலின்களின் மேற்பகுதியும் திறந்துகொள்ளும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணத்தில் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இசைத்தட்டுகளுக்கு வேறு முறை. காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் ஒரு துளி விட்டு, மென்மையான துணியை நனைத்து, பள்ளங்கள் ஓடும் வட்டத்தின் வழியே துடையுங்கள். குறுக்கே துடைத்தால் கீறல் விழும். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. பின்பு வெறும் வடிநீரால் ஒரு முறை துடைத்து, நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் உறை தட்டோடு ஒட்டியிருந்தால் அதை அகற்றிக் கடதாசி உறை போடுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நேராக நிறுத்தி, வெயில் படாத சுவரோரம் வையுங்கள். ஊசி பழையதாக இருந்தால் முதலில் புதிய ஊசி வாங்குங்கள். தேய்ந்த ஊசி ஒரே ஓட்டத்தில் பள்ளத்தைச் சுரண்டிவிடும்.

கணினியில் பதியும்போது 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் அளவில், வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சலை அகற்றும் வேலை எதையும் அந்த முதற்பிரதியில் செய்யாதீர்கள். அதை அப்படியே இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில், முடிந்தால் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்துவிட்டு, நாளாந்தம் கேட்பதற்கு வேறொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டின் கடைசிப் பாடல் முடிந்து லேபிளுக்கு முன் வெறுமையாக இருக்கும் வளையத்தைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே கீறப்பட்டிருக்கும் எழுத்தும் எண்ணும் அந்தத் தட்டு எந்த அச்சிலிருந்து வந்தது என்பதற்கான அடையாளம். கோப்பின் பெயரோடு அதையும் எழுதுங்கள். அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து வைப்பதும் அவசியம்.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டிலிருந்த இசைத்தட்டுகள் வீட்டோடு எரிந்தன. அன்றைக்குத் தப்பியது, பதிவு எடுப்பதற்காகத் தெஹிவளையில் ஒரு நண்பரிடம் கொடுத்திருந்த ஒரு தட்டு மாத்திரம். பாட்டுகள் பின்னாளில் எங்கும் கிடைத்தன. ஆனால் அந்த அட்டைகளின் பின்பக்கத்தில் என் அண்ணா பென்சிலால் வாங்கிய திகதியையும் விலையையும் குறித்திருந்தது இனி எங்கும் கிடைக்காது. உங்கள் தந்தையாரின் கையெழுத்து அந்தக் கசெட் அட்டைகளில் இருக்குமானால், பாடல்களுக்கு முன் அவற்றைப் பிரதி எடுங்கள்.

கேள்வி: இப்படி மாற்றிய பாடல்களை இணையத்தில் ஏற்றலாமா? (அதே வாசகர்)

பதில்: வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இலங்கையில் இசையாக்கங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. உங்கள் வீட்டுப் பாவனைக்கும் பிள்ளைகள் கேட்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே பாட்டு படத்தில் ஒரு விதமாகவும், கசெட்டில் வேறு விதமாகவும், இணையத்தில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. எது உண்மையானது? (வாசகர், தெஹிவளை)

பதில்: ஒப்பிடுவதற்கு அடிப்படையாக முதன்முதல் வெளிவந்த இசைத்தட்டை வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் காட்சியின் நீளத்துக்கு ஏற்ப ஒரு சரணமோ ஓர் இடையிசையோ வெட்டப்படுவது வழக்கம். முழுப் பாட்டுமே வெட்டப்படுவதும் உண்டு. 'அலைகள் ஓய்வதில்லை' 1981இல் வந்தபோது 'புத்தம் புதுக் காலை' இசைத்தட்டில் இருந்தது, படத்தில் இல்லை. தட்டும் வானொலியும் இல்லாமலிருந்தால் அந்தப் பாட்டே நமக்குக் கிடைத்திருக்காது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2014இல் 'மேகா' படத்தில்தான் அது திரைக்கு வந்தது.

கசெட்டைப் பொறுத்தவரை, பதிவு எடுத்த டெக் சற்று வேகமாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் கேட்கும்போது சுருதி குறைந்துவிடும். பாடலின் ஆதார சுருதியைக் கீபோர்டில் தேடிப் பாருங்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே அது நின்றால் வேகத்தில் பிழை இருப்பதாக ஐயப்பட இடமுண்டு. இணையத்தில் உலவும் பல பிரதிகளில் நாடா இரைச்சலை அகற்றுகிறோம் என்று சொல்லி, அதோடு சேர்த்து வயலின் வில்லின் உரசலையும் பாடகர் மூச்செடுக்கும் ஒலியையும் துடைத்திருக்கிறார்கள். இரைச்சல் கேட்டாலும் பரவாயில்லை, அந்த மூச்சுக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன், வேலைக்காகக் கொழும்பில் தங்கியிருக்கிறேன். எங்கள் ஊர்க்காரரான பாலு மகேந்திராவின் படங்களில் இளையராஜாவின் பின்னணி இசை வேறு மாதிரி இருப்பதாக எனக்குப் படுகிறது. பின்னணி இசையைத் தனியாக எப்படிக் கேட்பது என்றும் சொல்லுங்கள். (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: உங்களுக்குப் பட்டது சரி. இது எனக்கும் மிகவும் பிடித்த பகுதி. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த அந்தக் கலைஞரும் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இந்தக் கலைஞரும் இயக்குநராகவும் இசையமைப்பாளராகவும் முதன்முதல் சேர்ந்தது 'மூடுபனி'யில். அதில் யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' கிட்டாரோடு தொடங்குகிறது. இளையராஜா லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார்த் தேர்வை எழுதித் தேறியவர், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த நாட்களில் கிட்டார் வாசித்தவர். அந்தப் பாட்டில் கிட்டார் பாடகருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதில்லை. அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறது. வாத்தியத்தைத் தன் கையால் அறிந்தவர் எழுதியது என்பது முதல் சில விநாடிகளிலேயே தெரியும்.

பாலு மகேந்திராவின் படங்களில் இசை வேறுபடுவதற்கு முதற்காரணம், அவர் மௌனத்தைத் துணிந்து விட்டுவைத்தவர் என்பது. காற்று, மழை, பாத்திரச் சத்தம், தெருவோசை இவையெல்லாம் அவருடைய காட்சிகளில் இசைக்குச் சமமாக நிற்கின்றன. ஆகவே இசை நுழையும் இடம் ஒவ்வொன்றும் எண்ணி வைத்ததாக இருக்கும். 1988இல் வந்த 'வீடு' படத்தைப் பாருங்கள். அதில் பாடல்களே கிடையாது. சொந்த வீடு கட்ட முனையும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதைக்கு, 1986இல் இளையராஜா தனித் தொகுப்பாக வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்?' என்பதிலிருந்து எடுத்த இசையைப் பாலு மகேந்திரா பயன்படுத்தினார். தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பில், வி.எஸ். நரசிம்மனின் வயலின், பாஹ்கின் புகழ்பெற்ற வயலின் தனியிசை ஒன்றோடு எதிர்ப்பட்டுக் கதைக்கும் ஒரு பகுதி உண்டு. படத்துக்கென்று எழுதாத இசை, செங்கல்லும் சீமெந்தும் கடனும் நிறைந்த கதைக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதை நான் பலமுறை பார்த்தும் இன்னும் வியக்கிறேன். முதலில் தொகுப்பைத் தனியாகக் கேளுங்கள், ஒரு வாரம் விட்டுப் படத்தைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பின்னணி இசை உருவாகும் முறையைத் தெரிந்துகொண்டால் கேட்பது இலகுவாகும். படச்சுருள் காலத்தில் ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் சுமார் பதினொரு நிமிடம் ஓடும். ரீலைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்ததும், எங்கே இசை தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பதை மனத்தில் பிடித்துக்கொண்டு, அவர் வாத்தியம் எதையும் தொடாமல் நேரடியாக மேலைநாட்டு இசைக்குறியில் எழுதிவிடுவார். அந்தத் தாள்கள் பிரதியெடுக்கப்பட்டு வாத்தியக்காரர்களுக்குப் போகும். அவர்கள் படத்தோடு சேர்த்து வாசிக்கப் பதிவு நடக்கும். இதைத்தான் ரீ-ரெக்கார்டிங் என்கிறார்கள். அவருடைய ஐந்து தேசிய விருதுகளில் கடைசி இரண்டு, 'பழசிராஜா'வுக்கும் 'தாரை தப்பட்டை'க்கும், பின்னணி இசைக்கென்றே கிடைத்தவை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். படத்தை ஒருமுறை முழுவதும் பார்த்துவிட்டு, மறுமுறை ஒரு கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, இசை தொடங்கும் நிமிடத்தையும் நிற்கும் நிமிடத்தையும் குறித்துக்கொண்டே வாருங்கள். இசை இல்லாத நிமிடங்களைக் குறிக்க மறக்காதீர்கள். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியான புகையிரத நிலையத்தை அப்படி ஒருமுறை குறித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: இந்தப் பாட்டுகள் தமிழ்நாட்டிலேயே இலங்கை வானொலி வழியாகத்தான் பரவின என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், புறக்கோட்டை)

பதில்: பெரியவர்கள் பெருமைப்படுவதற்கு நியாயம் உண்டு. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, பிறகு ரேடியோ சிலோனாகவும் 1967இல் இருந்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகவும் வளர்ந்தது. அதன் தமிழ் வர்த்தக சேவையைப் பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டின் கிராமங்கள்வரை கேட்டார்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் பெயர்கள் அங்கே வீடுதோறும் தெரிந்த பெயர்களாக இருந்தன. அதே நேரத்தில் அகில இந்திய வானொலியும் பாடல்களை ஒலிபரப்பியது. 'அன்னக்கிளி'யின் பாட்டுகளைத் தமிழ்நாட்டின் ஒலிபெருக்கிகளும் ஊரெங்கும் கொண்டுசென்றன. ஆகவே 'வழியாகத்தான்' என்ற சொல்லில் உள்ள 'தான்' மட்டும் அதிகம்.

எங்களுக்கு வானொலி கொடுத்த வேறொரு கொடை உண்டு. பாட்டைப் போடுமுன் படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள் என்று முறையாகச் சொல்வார்கள். நான் அதைக் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் காலி வீதியில் இருந்த ஒரு ரெக்கோடிங் பாரில் நீட்டினால், அறுபது நிமிடக் கசெட்டில், பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்று கணக்குப் பார்த்து, இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். பக்கத்தின் கடைசிப் பாட்டு பெரும்பாலும் நடுவில் அறுந்து நிற்கும். 'பூங்கதவே' எனக்கு நெடுங்காலம் இரண்டாம் சரணம் இல்லாத பாட்டாகவே இருந்தது. முழுப் பாட்டையும் பிறகு ஒருநாள் இரவு வானொலியில் கேட்டபோது, தெரிந்த வீட்டில் தெரியாத ஓர் அறையைக் கண்டதுபோல் இருந்தது.

கேள்வி: என் மகள் வெள்ளவத்தையில் ஓர் ஆசிரியையிடம் வயலின் பயில்கிறாள். சினிமாப் பாட்டுக் கேட்டால் இராக ஞானம் கெட்டுவிடும் என்று ஆசிரியை சொல்கிறார். இளையராஜா பாட்டுகளையும் விட்டுவிட வேண்டுமா? (தாய் ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: ஆசிரியையின் கவலையை மதியுங்கள். தொடக்க நிலையில் சுருதியும் கமகமும் கையில் நிற்கும்வரை பாடத்தையே முதன்மையாகக் கொள்வது நல்லது. ஆனால் கேட்பதை நிறுத்த வேண்டாம். இளையராஜா அவர்கள் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசையையும் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையையும் கற்றவர். 1977இல் வந்த 'கவிக்குயில்' படத்தில் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டை ரீதிகௌளை இராகத்தில் அமைத்து, அதைப் பாலமுரளிகிருஷ்ணாவைக் கொண்டே பாட வைத்தார். 'சிந்து பைரவி'யில் 'கலைவாணியே' என்ற பாட்டை, கல்யாணியின் ஆரோகணத்தை மட்டும் கொண்டு, சுரங்கள் இறங்காமல் ஏறிக்கொண்டே போகும்படி அமைத்தார். மகள் கல்யாணியில் ஒரு வர்ணம் படித்து முடித்ததும், அந்தப் பாட்டின் சுரங்களை அவளாகவே கண்டுபிடித்து எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஆசிரியையிடமும் காட்டட்டும். அவர் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: லண்டனில் நடந்ததுதான் அவருடைய முதல் சிம்பொனியா? திருவாசகமும் சிம்பொனிதானே? (வாசகர், மட்டக்குளி)

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு வெளிவந்த 'திருவாசகம்', மாணிக்கவாசகரின் பாடல் வரிகளைப் பாடகரும் குழுவினரும் பாட, பெரிய இசைக்குழு துணைநிற்கும் ஆக்கம். மேலை மரபில் அதற்கு ஓரட்டோரியோ என்று பெயர். சிம்பொனி என்பது வழக்கமாக நான்கு பகுதிகளாக, வாத்தியங்களாலேயே நடப்பது. 1993இல் லண்டன் ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனி ஒன்றைப் பதிவு செய்தது, அது வெளியிடப்படவில்லை. 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டன் இவென்டிம் அப்பல்லோ அரங்கில் ரோயல் பில்ஹார்மோனிக் கொன்சேர்ட் இசைக்குழு வாசித்தது 'வேலியன்ட்' என்ற பெயரில் அமைந்த சிம்பொனி. அதைத் தம் முதலாம் இலக்கச் சிம்பொனி என்று அவரே குறித்திருக்கிறார்.

நம் வீடுகளில் மாலையில் சிவபுராணம் படிக்கும் வழக்கம் இன்னும் இருப்பதால், நீங்கள் 'திருவாசகம்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். 'பொல்லா வினையேன்' என்ற பகுதி நாம் வாயால் அறிந்த சிவபுராண வரிகளே. அறிந்த வரி நடந்துகொண்டிருக்கும்போது அதன் அடியில் செல்லோக்களும் வயலின்களும் என்ன செய்கின்றன என்று கவனிப்பது, பாடல் வரிகளே இல்லாத நீண்ட சிம்பொனியைக் கேட்பதற்கு நல்ல பயிற்சி.

கேள்வி: இளையராஜாவின் மகள் பவதாரிணி நம் நகரில்தான் காலமானார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. தந்தையின் இசையில் அவர் பாடியவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள். (வாசகி, கொழும்பு 6)

பதில்: 2024 ஜனவரி 25ஆம் திகதி, தமது நாற்பத்தேழாவது வயதில், அவர் கொழும்பில் காலமானார். அந்தச் செய்தி வந்த மாலையில் வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையில் அவருடைய பாட்டைப் போட்டிருந்தார்கள். வாங்கிய தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் பாட்டு முடியும்வரை வீதியோரம் நின்றார்கள். அது 'மயில் போல பொண்ணு ஒண்ணு'. 2000ஆம் ஆண்டின் 'பாரதி' படத்துக்காகத் தந்தையின் இசையில் பாடி, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்த பாட்டு. மெல்லிய, அலங்காரம் சேர்க்காத, சிறுமியின் சாயல் மாறாத குரல் அது. வாத்தியங்கள் அந்தக் குரலை மூடிவிடாமல் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் கேளுங்கள். தேடும்போது படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். மேடைகளில் பிறர் பாடிய பதிவுகள் நிறைய இருப்பதால், 2000ஆம் ஆண்டுப் பதிவுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.